317: ஆல்பத்தில் ஒட்டிக்கிடந்த பம்ப்சி கிரீன்

பம்ப்சி கிரீன் என்ற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரருக்கு டாப்ஸ் நிறுவனம் தன் வழக்கமான வரிசைகளில் போட்ட பேஸ்பால் அட்டைகள், அதாவது ஆட்டக்காரரின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகள், நான்குதான். 1960-இல் 317-ஆம் எண், 1961-இல் 454, 1962-இல் 153, 1963-இல் 292. நான்கு அட்டை என்ன பெரிய வேலை, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் இறங்கினேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் பெரும்பகுதி போனது முதல் அட்டைக்கு. அதைப் பற்றித்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன். மற்ற மூன்றையும் தேடியபோது கற்றுக்கொண்டதில் பழைய அட்டை வாங்கும் யாருக்கும் உதவுகிற சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆள் யார் என்று தெரியாமல் அட்டையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. 1947-இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கினார். மேஜர் லீக் பேஸ்பாலில் இருபதாம் நூற்றாண்டில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். அதன்பின் ஒவ்வொரு அணியாகக் கதவைத் திறந்தது. அப்போது இருந்த 16 அணிகளில் கடைசியாகத் திறந்தது பாஸ்டன் ரெட் சாக்ஸ். அதற்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. இத்தனைக்கும் 1945 ஏப்ரலில் அதே ராபின்சனைத் தங்கள் ஃபென்வே பார்க் மைதானத்துக்கு வரவழைத்து ஆடவைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பி அனுப்பிய அணி அது.

பன்னிரண்டு வருடம் கழித்து உள்ளே வந்தவர்தான் எலைஜா ஜெரி கிரீன். பம்ப்சி என்பது சிறுவயதில் அம்மா வைத்த செல்லப்பெயர். 1959 வசந்தகாலப் பயிற்சிக்கு அணி அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலுக்குப் போனபோது, சக ஆட்டக்காரர்கள் தங்கிய ஓட்டலில் இவருக்கு இடம் கிடையாது. தனியாக வேறு ஊரில் தங்கினார். பயிற்சியில் நன்றாகவே ஆடினார். ஆனாலும் பருவம் தொடங்கும் முன் மினியாபொலிஸில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். பாஸ்டனில் எதிர்ப்பு கிளம்பியது, பாகுபாடு பற்றி மாநில ஆணையத்தின் விசாரணையும் நடந்தது. கடைசியில் 1959 ஜூலை 21 அன்று, சிகாகோவின் காமிஸ்கி பார்க்கில், இன்னொருவருக்குப் பதிலாகத் தளத்தில் நின்று ஓட இவரை அனுப்பினார்கள். அவ்வளவுதான் அறிமுகம். ஆகஸ்ட் 4 அன்று சொந்த மைதானமான ஃபென்வேயில் முதல்முறை மட்டையைப் பிடித்தபோது, இடப்பக்கத்து உயரமான சுவரில் பந்தை அடித்து மூன்று தளம் ஓடினார்.

மொத்தம் 344 ஆட்டங்கள், மட்டை வீச்சில் .246 சராசரி, 13 ஹோம் ரன். இந்த மூன்று எண்களை மட்டும் வைத்துத்தான் அட்டைச் சந்தை அவரை எடைபோடுகிறது. 'காமன்' என்ற பெட்டிக்குள் போட்டுவிடுகிறது. கடைகளில் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்களே, நட்சத்திரங்கள் அல்லாதவர்களின் அட்டை, அதுதான் காமன். என் கண்ணில் அவர் அப்படி இல்லை.

2019 ஜூலை 17 அன்று ஃபென்வேயில் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். பம்ப்சி கிரீன் அன்று கலிஃபோர்னியாவில் காலமாகியிருந்தார், வயது 85. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். ஆட்டம் முடிந்து ரயிலில் வரும்போதுதான் போனில் அவரைப் பற்றி வாசித்தேன். பாஸ்டன் பக்கம் குடியேறி அப்போதே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த மைதானத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இந்தப் பெயர் என் காதில் விழுந்ததே இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அந்த வாரமே தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது 1961 அட்டை. அதில்தான் முதல் அடியும் பட்டது. படத்தில் பார்த்தால் நான்கு ஓரமும் கத்தி மாதிரி, மூலைகள் கூர்மையாக. விலை 14 டாலர். வந்ததும் டாப்லோடரில், அதாவது அட்டையைச் செருகி வைக்கும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில், போட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதலாக ஆடியது. டாப்ஸின் அந்தக் கால அட்டை இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். ஸ்கேல் வைத்து அளந்தால் அகலத்தில் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு குறைந்தது. தொழிற்சாலையில் வெட்டும்போதே சின்ன வித்தியாசம் வருவதுண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. அதே வருடத்து வேறு இரண்டு அட்டைகளை அதோடு சேர்த்து அடுக்கி, ஓரத்தை லென்ஸில் பார்த்தேன். மற்ற இரண்டின் ஓரமும் அறுபது வருடத்தில் பழுப்பேறி, நார் நாராக இருந்தது. இதன் வலது ஓரம் மட்டும் புதிதாக அறுத்த மரம் மாதிரி வெளுப்பாக இருந்தது. தேய்ந்த மூலையைக் கூர்மையாக்க யாரோ ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள். விற்றவரிடம் கேட்டேன், பதில் வரவில்லை. வேறொன்று வாங்கினேன். மூலைகள் மழுங்கியது, நடுவில் லேசான மடிப்பு, 5 டாலர். நேர்மையாகத் தேய்ந்த அட்டை. இன்றைக்கும் என் தொகுப்பில் இருப்பது அதுதான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். மூலை அளவுக்கு மீறி நன்றாக இருந்தால் முதலில் ஸ்கேலை எடுப்பேன். அப்புறம் 10 மடங்கு லென்ஸ். மறுபதிப்பா என்று பார்ப்பதற்கும் அந்த லென்ஸ் போதும். அசலில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆனால் கறுப்பு எழுத்தும் கோடும் ஒரே மையாக, முழுசாக இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தும் புள்ளிகளாக உடைந்து தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் கண் தானாகவே கண்டுபிடிக்கும்.

1962 அட்டையில் ஒரு சுவாரசியம் உண்டு. அந்த வருடம் டாப்ஸ் அட்டைகளுக்கு மரப்பலகை மாதிரியான சட்டம். 110 முதல் 196 வரையான எண்கள் இரண்டு விதமாக அச்சாகியிருக்கின்றன. ஒன்று வழக்கமான நிறம். இன்னொன்றில் படம் முழுக்கப் பச்சை ஏறியிருக்கும், முகத்திலும் வானத்திலும் நிழலிலும் பாசி படிந்த மாதிரி. சேகரிப்பவர்கள் அதை 'கிரீன் டின்ட்' என்பார்கள். பம்ப்சியின் 153 அந்த எண்களுக்குள் வருகிறது. அதாவது கிரீனுக்கும் ஒரு கிரீன் டின்ட் இருக்கிறது! இரண்டையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. இணையத்தில் படத்தைப் பார்த்து இதை வாங்குவது கஷ்டம். டியூப் லைட்டுக்கு அடியில் போன் கேமராவில் எடுத்தால் எல்லா அட்டையும் பச்சையாகத்தான் தெரியும். வெள்ளைத்தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். நாலாவது ஆள் அனுப்பிய படத்தில் தாள் வெள்ளையாக இருந்தது, முகம் பச்சையாக இருந்தது. உடனே வாங்கினேன்.

1963 அட்டைக்கு அதிகம் சிரமப்படவில்லை. அதற்குள் அவர் நியூயார்க் மெட்ஸுக்கு மாறிவிட்டார். அந்த வருடத்து அட்டைகளின் அடிப்பகுதியில் நிறப்பட்டை ஓரம் வரை ஓடும், கொஞ்சம் உரசினாலும் வெள்ளை தெரியும். எனக்கு வந்ததில் அந்தத் தேய்மானத்தோடு முன்பக்கத்தில் கட்டை விரல் அகலத்துக்கு மெழுகுக் கறையும் இருந்தது. அட்டைகளைச் சூயிங்கத்தோடு மெழுகுத்தாளில் சுற்றி, சூடு காட்டி ஒட்டிய காலம் அது. உறையின் மெழுகு பொட்டலத்தின் ஓரத்து அட்டையில் இறங்கிவிடும். சுத்தமான நைலான் காலுறையை விரலில் சுற்றிக்கொண்டு, கறைமேல் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் போய்விட்டது. பளபளப்பான முன்பக்கத்தில் மெழுகு மேலாகத்தான் நிற்கும், அதனால் இது பலிக்கிறது. பூச்சு இல்லாத பின்பக்கத்தில் மெழுகு உள்ளே ஊறிவிடும். அங்கே தேய்த்தால் அச்சுதான் போகும், தொடக்கூடாது.

சரி, இனி 1960.

இது பம்ப்சியின் முதல் அட்டை, அதனால் நான்கில் விலை கூடியதும் இதுதான். படுக்கை வாட்டில் அமைந்த வரிசை. வலப்பக்கம் வண்ணத்தில் முகம், இடப்பக்கம் ஆடும் கோலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நல்ல நிலையில் நிறையக் கிடைக்கும், பணம் கொடுத்தால் வாங்கிவிடலாம். வாங்கவும் இருந்தேன். அதற்குள் பக்கத்து ஊரில் ஒரு வீட்டைக் காலிசெய்து பொருட்களை விற்றார்கள். அங்கே ஒரு பழைய படக்கோப்பு கிடைத்தது. கறுப்புத்தாள் பக்கங்கள், பட்டுக்கயிற்றில் கட்டியது. உள்ளே குடும்பப் படங்கள் இல்லை. இரண்டு பக்கங்களில் மட்டும் பேஸ்பால் அட்டைகள், பக்கத்துக்கு ஆறு. எல்லாமே ரெட் சாக்ஸ், எல்லாமே 1960. ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைப் பென்சிலில் ஒரு பிள்ளையின் கையெழுத்து. மற்ற பதினொன்றுக்கும் கீழே குடும்பப்பெயர் எழுதியிருந்தது. ஒன்றின் கீழே மட்டும் 'பம்ப்சி' என்று இருந்தது.

20 டாலர் கொடுத்து ஆல்பத்தை வாங்கிவந்தேன்.

அட்டைகளைப் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். இதை எடுப்பதா, அப்படியே விடுவதா என்று முடிவெடுக்கவே மூன்று வாரம் ஆனது. விடலாம் என்றால், அந்தக் கறுப்புத்தாளில் அமிலம் அதிகம். பக்கங்களின் ஓரம் ஏற்கெனவே அப்பளம் மாதிரி நொறுங்க ஆரம்பித்திருந்தது. அந்த அமிலம் அட்டைக்குள்ளும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் எடுப்பது என்று முடிவுசெய்தேன். தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது பழைய அட்டை சேகரிப்பவர்களிடம் நெடுநாளாக இருக்கும் முறை. வெறும் தண்ணீர்தானே, எதையும் சேர்க்கவில்லையே என்று ஏற்பவர்கள் உண்டு. அதுவும் அட்டையை மாற்றுவதுதான் என்று எதிர்ப்பவர்களும் உண்டு. நான் விற்கப்போவதில்லை. விற்பதானால் ஊறவைத்ததைச் சொல்லித்தான் விற்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் கேள்வி, என்ன பசை? மாவுப் பசை, கோந்து என்றால் தண்ணீரில் இளகும். நம் ஊரில் சுவரொட்டிக்கு மைதா காய்ச்சுவார்களே, அந்த ஜாதி. ரப்பர் பசை என்றால் தண்ணீர் ஒன்றும் செய்யாது. பக்கத்தின் ஓரத்தில் வழிந்து காய்ந்திருந்த துளி ஒன்றை நகத்தால் பெயர்த்து, ஸ்பூனில் தண்ணீர் விட்டுப் போட்டேன். பத்து நிமிடத்தில் வெளுத்துக் கொழகொழவென்று ஆனது. நல்ல செய்தி.

நேராக பம்ப்சியிடம் போகாமல், அதே பக்கத்தில் மடிப்பு விழுந்த வேறொரு அட்டையில் ஒத்திகை பார்த்தேன். நல்லவேளையாகப் பார்த்தேன், ஏனென்றால் அங்கே இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, குழாய்த்தண்ணீரைப் பயன்படுத்தினேன். காய்ந்தபின் முன்பக்கத்தில் உப்புப் பூத்த மாதிரி மங்கல் தெரிந்தது. இரண்டாவது, கால் மணி நேரத்தில் ஒரு மூலை தூக்கிக்கொண்டதும் கையால் இழுத்துவிட்டேன். அட்டை என்பது அடுக்கடுக்கான காகிதம். பின்பக்கத்தின் மேலடுக்கு ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பிய்ந்து ஆல்பத்தோடேயே தங்கிவிட்டது. அந்த இடத்தில் அச்சும் போயிற்று. அட்டை அதுவாக மிதந்து வரும்வரை காத்திருக்கவேண்டும். இழுக்கவே கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பம்ப்சிக்கு நாள் குறித்தேன். மகளும் கூட உட்கார்ந்தாள், அவளுக்குப் பதினொரு வயது. வெள்ளைப் பென்சில் எழுத்து நனையக்கூடாது என்பதால் அந்தத் துண்டை முதலில் தனியாக வெட்டி எடுத்துவைத்தேன். பிறகு அட்டையைச் சுற்றி அரை அங்குலம் விட்டு ஆல்பத் தாளைக் கத்தரித்தேன். கேக் செய்யும் கண்ணாடித் தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். சூடும் இல்லை, குளிரும் இல்லை. படம் மேலே பார்க்கும்படி மெதுவாக இறக்கினேன்.

"அப்பா, கலர் கரைஞ்சிடாதா?"

அச்சு மை எண்ணெய் கலந்தது, தண்ணீருக்கு அசையாது என்று விளக்கினேன். விளக்கும்போதே எனக்கும் வயிற்றைப் பிசைந்தது.

ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கருக்க ஆரம்பித்தது. ஆல்பத் தாளின் சாயம் அது. இதை ஒத்திகையிலேயே பார்த்திருந்ததால் இரண்டாவது தட்டு தயாராக இருந்தது. சாயம் அட்டையில் ஏறிவிட்டால் போகாது. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை புதுத் தண்ணீருள்ள தட்டுக்கு மாற்றினோம். அடியில் பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கொடுத்து, அட்டையைத் தொடாமல் தூக்கி மாற்றுவது மகளின் வேலை. மூன்றாவது மாற்றலில் கறுப்புத்தாளின் ஒரு முனை கூழாகித் தொங்கியது. அரை மணியில் இடப்பக்கம் விடுபட்டது. அதன்பின் எதுவும் நகரவில்லை. முக்கால் மணி, ஐம்பது நிமிடம். நடுவில் பசை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன் என்றே சொல்லலாம்.

ஒரு மணியும் பத்து நிமிடமும் ஆனபோது மகள்தான் முதலில் பார்த்தாள். கறுப்புத்தாள் அடியில் போக, அட்டை மட்டும் ஒரு சின்ன வழுக்கலோடு தண்ணீரில் நகர்ந்தது.

திருப்பிப் போட்டோம். பின்பக்கம் முழுக்கக் கஞ்சி ஆடை மாதிரி பசை, அதில் கறுப்புத் துகள்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்து, விரல் நுனியால் அழுத்தாமல், வட்டமாக மிக மெதுவாகத் தடவினேன். ஆடை விலகியது. முதலில் தெரிந்தது எண். 317. அதை ஒட்டியவனோ ஒட்டியவளோ பசை தடவிய நாளுக்கு அப்புறம் அந்தப் பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. எண் வந்தது, பெயர் வந்தது, வரிவரியாக அச்சு வந்தது. கடைசித் தட்டில் ஒரு நிமிடம் அலசினேன்.

காயவைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். காற்றில் வைத்தால் சுருண்டுவிடும், ஹேர் டிரையரை நினைத்தும் பார்க்கக்கூடாது. இரண்டு பக்கமும் வெள்ளை ஒற்றுத்தாள் வைத்து, கையால் அழுத்தி நீரை எடுத்தேன். அந்தத் தாள்களை எறிந்துவிட்டுப் புதுத்தாள், அதன்மேல் வழவழப்பான பலகை, அதன்மேல் நான்கு தடிமனான புத்தகங்கள். அரை மணியில் தாளை மாற்றினேன், பிறகு இரண்டு மணியில், பிறகு இரவு படுக்கும் முன். மறுநாளிலிருந்து காலையில் ஒரு தடவை. முதல் நாளே மிக அதிக பாரம் வைத்தால் ஈர அட்டையில் ஒற்றுத்தாளின் நெசவு பதிந்துவிடும். அதனால் இரண்டாம் நாளில்தான் பாரத்தைக் கூட்டினேன். எட்டாவது நாள் எடுத்தேன்.

தட்டையாக இருந்தது. முன்பக்கப் பளபளப்பு முன்பிருந்ததைவிட ஒரு சுற்று மங்கல், சாய்த்துப் பார்த்தால் தெரியும். பின்பக்கம் கீழ் மூலையில் நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் சாயம் நின்றுவிட்டது. அதை எடுக்க இன்னொரு தடவை ஊறவைக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாமென்று விட்டேன். அச்சு முழுசாக இருக்கிறது, ஒரு இடத்தில்கூட பிய்யவில்லை. தர நிர்ணயத்துக்கு அனுப்பினால் பெரிய மதிப்பெண் வராது. அனுப்பப்போவதும் இல்லை.

மீதமிருந்த பத்து அட்டைகளையும் அடுத்த இரண்டு மாதத்தில் இதே முறையில் எடுத்தோம். ஒன்றும் சேதமாகவில்லை. பன்னிரண்டும் இப்போது ஒரே பெட்டியில், ஆல்பத்தில் இருந்த வரிசைப்படியே இருக்கின்றன. மெல்லிய உறை, அதற்கு மேல் டாப்லோடர். பி.வி.சி. உறை மட்டும் வாங்கவேண்டாம், அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து அட்டையைக் கெடுக்கும். பெட்டி இருப்பது படுக்கையறை அலமாரியில். அடித்தளத்தில் ஈரம், பரணில் சூடு.

வெள்ளைப் பென்சிலில் 'பம்ப்சி' என்று எழுதிய அந்தக் கறுப்புத் துண்டை அட்டைக்குப் பின்னாலேயே வைக்கலாமே என்றாள் மகள். எனக்கும் ஆசைதான். ஆனால் அமிலத்தாளை அட்டையோடு சேர்த்து வைக்க முடியாது. அதைத் தனி உறையில் போட்டு, 317-க்கு அடுத்ததாக நிறுத்தி வைத்திருக்கிறோம்.